மனையியல் டீச்சரிடம் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? (நீலகிரி, கொடைக்கானல் பக்கம்)

கேத்திமேகம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் மற்றவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் படித்த பள்ளியில் (பெயர் வேண்டாம், நம் மலையில்தான்) பிளஸ் டூ மனையியல் பிரிவை இந்த ஆண்டோடு நிறுத்துகிறார்கள். சேர ஆள் இல்லையாம். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். மனையியல் அறைச் சாமான்களை எல்லாம் வராந்தாவில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இரண்டு தையல் மெஷின், தராசு, எடைக்கற்கள், மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு மர அலமாரி. அலமாரிக் கதவின் உள்பக்கம் டீச்சர் கையால் எழுதி ஒட்டிய உணவு அட்டவணை இன்னும் இருக்கிறது, ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்து.

1987-லிருந்து 1989 வரை இரண்டு வருஷம் அந்த அறையில் படித்தேன். தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தபோது எங்கள் பள்ளியில் இந்தப் பாடத்தை ஆரம்பித்ததே அவர்தான். அறையும் கிடையாது, சாமானும் கிடையாது. வீட்டிலிருந்து பாத்திரம் சுமந்து வந்து நடத்தினாராம். டீச்சர் பெயரை இங்கே போடப்போவதில்லை, அவருக்கு அது பிடிக்காது.

முதல் நாள் நாங்கள் 17 பேர், சமையல் சொல்லித்தருவார் என்று காத்திருந்தோம். அவர் ஒரு அமெரிக்க அம்மாவின் கதையைச் சொன்னார். எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ், 1842-ல் பிறந்தவர். பாஸ்டனில் இருந்த எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) பெண்களைச் சேர்க்காத காலத்தில், 1870-ல், வேதியியல் படிக்க உள்ளே போன முதல் பெண். 1873-ல் பட்டம் வாங்கினார். அப்புறம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆறு, குளம், கிணறு எல்லாவற்றிலிருந்தும் 20,000-க்கும் மேற்பட்ட தண்ணீர் மாதிரிகளை வரவழைத்துச் சோதித்தார். குடிக்கிற தண்ணீரையும் சாப்பிடுகிற மாவையும் சோதிக்கத் தெரிந்தவர், அதை ஏன் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தெரிந்துகொள்ளக் கூடாது என்று கேட்டு இந்தப் பாடத்தையே பள்ளிக்குக் கொண்டுவந்தவர்களில் முதல் ஆள். இவ்வளவும் சொல்லிவிட்டு டீச்சர் எங்களைக் கேட்டார்: "உங்க வீட்டுக்குக் குடிதண்ணி எங்கேருந்து வருது? போய்ப் பார்த்திருக்கீங்களா?" ஒருத்தியும் பார்த்ததில்லை. மறுநாள் 17 பேரும் போய்ப் பார்த்து எழுதிவர வேண்டும். அதுதான் முதல் வீட்டுப்பாடம்.

அவரிடமோ, அவரைப் போன்ற வேறு டீச்சர்களிடமோ படித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அந்தச் சாமான்கள் பழைய இரும்புக்குப் போவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.


சிம்ஸ்பார்க் எழுதியது:

அம்மா, நான் குன்னூர். மனையியல் படித்தவன் இல்லை, ஆனால் அந்தப் பாடத்துக்கும் எங்கள் ஊருக்கும் இருக்கிற உறவைச் சொல்லாமல் போக முடியாது.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் வெறிநாய்க்கடி மருந்துக்குத்தான் பெயர் போனது. 1918-ல் அங்கே ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி என்ற சத்துக்குறை நோயைப் பற்றி ஆராய ஆரம்பித்தார். அந்த ஒரு அறைதான் வளர்ந்து உணவுச்சத்து ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, 1969-லிருந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் வாங்கியது. இந்தியா முழுக்க இன்றைக்கு எந்த உணவில் என்ன சத்து என்று பார்க்கிற அட்டவணைக்கு வேர் எங்கள் ஊரில் இருக்கிறது. மெக்காரிசனுக்குப் பின் வந்த ஐக்ராய்ட் 1937-ல் வெளியிட்ட அட்டவணைதான் பின்னால் திருத்தித் திருத்திப் பள்ளிப் பாடம் வரை வந்தது. உங்கள் டீச்சர் அலமாரிக் கதவில் ஒட்டியதும் அந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும்.

மெக்காரிசன் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய் சாப்பிடும் சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் கொழுகொழு என்று இருந்தன. தீட்டிய அரிசியை நம்பியிருந்த நம் சென்னை மாகாணச் சாப்பாட்டில் வளர்ந்தவை நோஞ்சான். சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. நம் சாப்பாட்டை மட்டமாகச் சொல்கிறாரே என்று. பிறகு புரிந்தது, குறை நம் சமையலில் இல்லை, தவிட்டை எல்லாம் தீட்டி எறிந்த மில் அரிசியில். அதே ஐக்ராய்ட் புழுங்கல் அரிசியில் பெரிபெரியைத் தடுக்கும் தயாமின் (பி1 வைட்டமின்) தங்குகிறது என்று காட்டினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கிற சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் அவித்த நெல்லுக்கு ஆய்வுக்கூடம் சாட்சி சொன்னது எங்கள் ஊரில்தான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர். பம்பாயில் பஞ்சாலைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்தசோகையில் சாவதைப் பார்த்து அதற்குக் காரணம் தேடினார். 1929-ல் சில மாதங்கள் குன்னூருக்கும் வந்து இந்த ஆய்வைச் செய்தார். மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை குணமாகிறது என்று கண்டுபிடித்தார். அதிலிருந்த பொருளுக்குப் பின்னாளில் வைத்த பெயர் ஃபோலிக் அமிலம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்களே இரும்புச்சத்து மாத்திரை, அதில் கூடவே இருப்பது.


கேத்திமேகம் எழுதியது:

ஐயா, லூசி வில்ஸ் பெயரை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். டீச்சருக்குத் தெரிந்திருந்தால் இதையும் முதல் நாளே சொல்லியிருப்பார். மிக்க நன்றி.


கொடைகுறிஞ்சி எழுதியது:

மன்னிக்கவும், கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதப்போகிறேன்.

நான் பழனி மலைக்காரி. பத்தாவதில் கணக்கில் 91 எடுத்தேன். முதல் குரூப் வேண்டும் என்று கேட்டேன். "பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போகப்போறவ, உனக்கு எதுக்கு" என்று சொல்லி மனையியலில் உட்காரவைத்தார்கள். வீட்டிலும் அப்பா சரி என்றுவிட்டார். இரண்டு வருஷம் காஜா எடுத்தேன் (பட்டன் துளை தைப்பது), ஜாம் காய்ச்சினேன், குழந்தையைக் குளிப்பாட்டுவது எப்படி என்று பொம்மையை வைத்து எழுதினேன். என்னுடன் படித்த பையன்களில் இரண்டு பேர் இன்ஜினியர். ஒரு பையனைக்கூட அந்த வகுப்பில் உட்காரவைக்கவில்லை. பெண்ணை அடுப்படியிலேயே வைக்கப் பள்ளிக்கூடம் போட்ட முத்திரைதான் மனையியல் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பாடம் மூடினால் மூடட்டும். அந்த அமெரிக்க அம்மா பெரிய விஞ்ஞானி என்றால், அவர் ஏன் வேதியியலையே சொல்லித்தரவில்லை? அவரையும்தான் அடுப்படிப் பக்கம் தள்ளியிருக்கிறார்கள்.


கேத்திமேகம் எழுதியது:

அக்கா (வயது தெரியாமல் அழைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்), உங்களுக்கு நடந்தது அநியாயம். அதை நான் மறுக்கப்போவதில்லை. எங்கள் வகுப்பிலும் அப்படித் தள்ளப்பட்டவர்கள் இருந்தார்கள்.

ரிச்சர்ட்ஸ் பற்றி நீங்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. இரண்டு நாளாகத் தேடிப் படித்தேன். எம்.ஐ.டி.யில் அவரிடம் கட்டணம் வாங்கவில்லை. ஏழ்மைக்கு இரங்கித்தான் வாங்கவில்லை என்று அவர் நினைத்திருந்தார். யாராவது எதிர்த்துக் கேட்டால் இவர் எங்கள் மாணவியே இல்லை என்று சொல்லிக்கொள்வதற்காக அப்படிச் செய்தார்கள் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் மேசை துடைத்து, பேராசிரியர்களின் தாள்களைத் தைத்துக் கொடுத்து, விரலில் காயம் பட்டால் கட்டுப்போட்டுத்தான் அங்கே தனக்கு இடம் பிடித்தார். அவரை ஓரமாகத்தான் உட்காரவைத்தார்கள். 1876-ல் பெண்களுக்கென்று ஒரு தனி ஆய்வுக்கூடம் அங்கே திறக்கக் காரணமாக இருந்தார், அதில் பல வருஷம் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்தார். அங்கே சொல்லிக்கொடுத்தது வேதியியல்தான் அக்கா. 1884-லிருந்து சாகும்வரை, 1911 வரை, அவர் எம்.ஐ.டி.யிலேயே சுகாதார வேதியியல் ஆசிரியர்.

மனையியலில் தள்ளியது தப்பு. ஆனால் மனையியலே தப்பு என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஏன் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன்.

டிசம்பர் மாசம். எங்கள் வகுப்பில் ஒருத்தி எஸ்டேட் லயனிலிருந்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வருவாள். தலைவலி, வாந்தி என்று இரண்டு நாளாக வகுப்பில் சுருண்டு கிடந்தாள். டீச்சர் அவளைக் கூப்பிட்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. "ராத்திரி எப்படித் தூங்குனீங்க?" என்று கேட்டார். உறைபனி என்பதால் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, சந்தில் துணி அடைத்து, கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு ஆறு பேர் தூங்கியிருக்கிறார்கள். அன்று மத்தியானமே டீச்சர் அவளோடு லயனுக்கு நடந்து போனார். கரி எரியும்போது காற்று போதவில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்திலிருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். இதை அந்த அம்மாக்களிடம் எப்படிச் சொன்னார் தெரியுமா? "கண்ணுக்குத் தெரியாத புகை ஒண்ணு இருக்கு, அது தூங்குற பிள்ளை மேல உட்கார்ந்துக்கும், நெருப்பை வெளிய வெச்சுட்டுக் கம்பளியைக் கூடப் போட்டுக்கோங்க." அந்த லயனில் வீடு வீடாகச் சொல்லிவிட்டு இருட்டிய பிறகுதான் திரும்பினார். அந்தப் பெண் இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டாள்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சுற்றுலா வந்தவர்கள் அறைக்குள் கரி மூட்டி இறந்தார்கள் என்று செய்தி படிக்கும்போது எனக்கு டீச்சர் ஞாபகம்தான் வரும்.


டேன்டீலயன் எழுதியது:

கேத்தி அக்கா எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். நானும் லயன் பிள்ளைதான், கோத்தகிரிப் பக்கம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து வந்தவர்கள். நாங்கள் படித்தது வேறு பள்ளி, வேறு டீச்சர். ஆனால் அவரும் அப்படித்தான். பாடப் புத்தகத்தில் ஒரு நாளைக்கு இத்தனை பால், இத்தனை பழம், முட்டை என்று போட்டிருக்கும். முதல் வாரமே "இதை உங்க வீட்டுல வாங்க முடியாது, எனக்குத் தெரியும், உங்க வீட்டுல என்ன இருக்குதோ அதை எழுதிட்டு வாங்க" என்றார். நாங்கள் எழுதியது ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்). இலங்கை மலையகத்திலிருந்து வந்த வீடுகளில் காலையில் கோதுமை மாவு ரொட்டிதான். அவர் ரொட்டியை விடு என்று சொல்லவில்லை. அதே மாவில் பாதிக்கு ராகி மாவு கலக்கச் சொன்னார். அரிசியில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் கால்சியம்தான், ராகியில் 344 என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். அந்த 344 இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்புறம் முருங்கைக்கீரை. எல்லாப் புத்தகமும் முருங்கைக்கீரை சாப்பிடு என்று சொல்லும், உறைபனி விழுகிற இடத்தில் முருங்கை எங்கே நிற்கும்? டீச்சர் எங்களைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனார். காலிபிளவர் வெட்டிப் பூவை மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிவிட்டு, தழையை மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தழையில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, இரும்பும் இருக்கிறது என்றார். பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை, நூல்கோல் இலை எல்லாம் அப்படித்தான். அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன், அம்மா நம்பவில்லை, மாட்டுத் தீவனத்தைத் தின்னச் சொல்கிறாளா உன் டீச்சர் என்று சத்தம் போட்டார். இளந்தழையாகப் பறித்து, பொடியாக நறுக்கி, பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்து நானே வதக்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் லயனில் தழை கேட்டுத் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தார்கள்.


சிம்ஸ்பார்க் எழுதியது:

டேன்டீலயன், நீங்கள் சொன்ன இடம் முக்கியமானது. ரிச்சர்ட்ஸ் அம்மாவே இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தார். 1890-ல் பாஸ்டனில் ஏழைத் தொழிலாளர்களுக்காக ஒரு பொதுச் சமையலறை திறந்தார். எடை போட்டு, சத்துக் கணக்குப் போட்டு, மலிவான சூப்பும் கஞ்சியும். வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் அதை அவ்வளவாகத் தொடவில்லை. அவர்கள் நாக்குக்குப் பழகிய சாப்பாடு அது இல்லை. பசித்தவனுக்குக்கூட அவன் ஊர்ச் சாப்பாடுதான் சாப்பாடு. ஆனால் அந்தச் சமையலறை வீண்போகவில்லை. 1894-ல் பாஸ்டன் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கும் பொறுப்பை அது எடுத்துக்கொண்டது.

உங்கள் டீச்சர் ரொட்டியை விடச் சொல்லாமல் ராகியைக் கலந்தாரே, ரிச்சர்ட்ஸுக்குக் கைகூடாதது அவருக்குக் கைகூடியது.


மஞ்சூர்தம்பி எழுதியது:

நான் ஆண், வயது 29, ஊட்டியில் ஒரு ஓட்டல் கிச்சனில் வேலை. எனக்கு மனையியல் படிக்க ஆசை இருந்தது. எங்கள் பள்ளியில் பையன்களுக்கு அந்தக் குரூப் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கொடைகுறிஞ்சி அக்காவைக் கட்டாயப்படுத்தி உள்ளே தள்ளினார்கள், என்னைக் கட்டாயப்படுத்தி வெளியே நிறுத்தினார்கள். இரண்டும் ஒரே ஆட்கள் செய்த தப்புதான் அக்கா.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கீழே கோயம்புத்தூரில் பழகிய கணக்கிலேயே கொண்டைக்கடலை வேகவைத்தேன். திறந்த அண்டாவில் மூன்று மணி நேரம் ஆகியும் கல்லு மாதிரி. கேக் உப்பி மேலே வந்து நடுவில் குழி விழும். இட்லி மாவு பொங்கவே பொங்காது. எல்லாவற்றுக்கும் திட்டு வாங்கினேன். ஏன் என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. யாராவது இங்கே சொல்லுங்களேன்.


அருவங்காடு73 எழுதியது:

தம்பி, உன் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஆனால் பதில் என்னுடையது இல்லை, என் வீட்டுக்காரம்மாவுடையது. அவர் 31 வருஷம் மனையியல் ஆசிரியை. மூன்று வருஷம் ஆகிறது அவர் போய்.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே தளபுளவென்று கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது, ஆவியாகத்தான் போகும். பருப்புக்கும் கடலைக்கும் அந்த 7 டிகிரி குறைவு பெரிய குறைவு. அதனால்தான் மலையில் குக்கர் இல்லாமல் முடியாது. குக்கருக்குள் ஆவியை அடைத்து அழுத்தம் ஏற்றுவதால் 110 டிகிரிக்கு மேல் போய்விடும். கேக்குக்கும் இதே காரணம். வெளி அழுத்தம் குறைவு, மாவுக்குள் வாயு வேகமாக விரிந்து, சுவர் கெட்டிப்படுவதற்குள் உடைந்து அமுங்கிவிடும். பேக்கிங் பவுடரைக் குறை. இட்லி மாவுக்கு அழுத்தம் காரணமில்லை, குளிர்தான். கிருமி வேலை செய்ய வெதுவெதுப்பு வேண்டும். மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, இளஞ்சூடாக இருக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் வை.

இதை அவர் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னதில்லை. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கேட்டு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்வார். வகுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து அளந்து எழுதச் சொல்வார். மேட்டுப்பாளையத்தில் உறவுக்காரர் வீடு இருக்கிற பிள்ளை யார் என்று கேட்டு, லீவுக்குப் போகும்போது அவளிடம் அந்தத் தெர்மாமீட்டரைத் துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்புவார். அவள் கீழே 99 என்று எழுதிக்கொண்டு வருவாள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, ஏன் என்று மட்டும் கேட்பார். ஒரு வாரம் விட்டுவிடுவார். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று. வேதியியல் ஆசிரியர் ஒருமுறை, சமையல் டீச்சருக்கு எதற்குத் தெர்மாமீட்டர் என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி என் வீட்டுக்காரம்மா சாப்பிடவில்லை. மறுமாசச் சம்பளத்தில் சொந்தமாக ஒன்று வாங்கினார்.

வைக்கோல் பெட்டியும் செய்வார். அரிசியை ஒரு கொதி விட்டு, மூடியோடு இறக்கி, காய்ந்த புல் அடைத்த மரப்பெட்டிக்குள் வைத்து மூடினால் இரண்டு மணி நேரத்தில் தானே வெந்துவிடும், விறகு மிச்சம். இங்கே நெல் வைக்கோல் ஏது? காட்டுப் புல்லும் பழைய கம்பளியும்தான்.

கேத்தி அம்மா, உங்கள் டீச்சர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். செய்முறைத் தேர்வுக்கு எங்கள் வீட்டம்மா வேலை பார்த்த பள்ளிக்கு அவர்தான் எக்ஸ்டர்னலாக (வெளித் தேர்வாளராக) வருவார், மெலிந்த உடம்பு, சாம்பல் நிற ஸ்வெட்டர், சரியா? பிள்ளைகள் செய்ததைச் சாப்பிட்டுப் பார்த்து மார்க் போட மாட்டார். ஏன் இதை இவ்வளவு நேரம் வேகவைத்தாய் என்று கேட்டுத்தான் போடுவார்.


கேத்திமேகம் எழுதியது:

ஐயா, அவரேதான்! சாம்பல் ஸ்வெட்டர், இடது கை முழங்கையில் ஒட்டுப்போட்டது. அந்த ஒட்டைக்கூட எங்களுக்குக் காட்டி டார்னிங் (கிழிசலை நூலால் பின்னி அடைப்பது) சொல்லித்தந்தார். உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். எனக்கு இப்போது எழுதக் கை ஓடவில்லை.


கொடைகுறிஞ்சி எழுதியது:

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கு யாரும் தெர்மாமீட்டர் கொடுக்கவில்லை. எனக்குக் கிடைத்தது காஜாவும் ஜாமும்தான். ஜாமில் சர்க்கரை ஏன் கெடாமல் காக்கிறது என்றுகூட யாரும் சொல்லவில்லை. இவ்வளவு சர்க்கரை போடு என்று மட்டும் எழுதிப்போட்டார்கள். உங்கள் டீச்சர்கள் சொன்னது வேறு பாடம் போலிருக்கிறது, பெயர் மட்டும் ஒன்று.

என் கோபம் போகவில்லை. ஆனால் கோபம் யார்மேல் என்பது கொஞ்சம் மாறியிருக்கிறது. மஞ்சூர் தம்பி சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. பையனும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பாடமாக இருந்தால் நான் ஒப்புக்கொள்கிறேன். பெண்ணுக்கு மட்டும் என்றால் எத்தனை நல்ல டீச்சர் வந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.


டேன்டீலயன் எழுதியது:

அக்கா, அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒன்று. அந்தக் காலத்தில் எங்கள் மாதிரிப் பெண்களுக்குக் கல்லூரிக்குப் போக வீட்டில் அனுமதி கிடைத்த ஒரே படிப்பு இதுதான். கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-ல் ஆரம்பித்தது. பெண்கள் மட்டும் படிக்கிற இடம் என்பதால் அப்பாக்கள் தைரியமாக அனுப்பினார்கள். அதை வளர்த்தவர் ராஜம்மாள் தேவதாஸ். செங்கத்தில் 1919-ல் பிறந்தவர். சென்னையில் ராணி மேரிக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலையில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுத் திரும்பி வந்தார். பிள்ளைகளின் மதிய உணவில் என்ன சத்து இருக்க வேண்டும் என்பதற்காக எத்தனையோ வருஷம் உழைத்தவர். அந்தக் கல்லூரி 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது, அவர் துணைவேந்தராக இருந்தார், பிறகு வேந்தர். 1992-ல் பத்மஸ்ரீ. 2002-ல் காலமானார். என் டீச்சர் அங்கே படித்தவர். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் தகரப் பெட்டியோடு முதல்முதலாக மலை இறங்கிப்போன கதையை எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கதவு எதுவாக இருந்தாலும் சரி, அவர்கள் அதன் வழியாக வெளியே வந்தார்கள்.

நான் இப்போது சத்துணவு அமைப்பாளர். 1982-ல் எம்.ஜி.ஆர். ஆரம்பித்த அந்தத் திட்டத்தில்தான் நானே சாப்பிட்டு வளர்ந்தேன். பருப்பு ஊறவைத்துத்தான் வேகவைக்க வேண்டும், காயைக் கழுவிய பிறகுதான் நறுக்க வேண்டும் என்று என் சமையல் அக்காக்களிடம் சொல்லும்போது என் வாயில் வருவது டீச்சர் குரல்தான்.


கொடைகுறிஞ்சி எழுதியது:

தகரப் பெட்டி... என் பெரியம்மாவும் அப்படித்தான் போனார், இங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக. மறந்தே போயிருந்தேன். சரி தங்கச்சி, அதை ஒப்புக்கொள்கிறேன்.


கேத்திமேகம் எழுதியது:

நேற்றுப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். பிளஸ் டூ பிரிவை மீட்க முடியாது, அது அவர் கையில் இல்லை. ஆனால் சாமான்களைப் பழைய இரும்புக்குப் போடாமல் நிறுத்திவைத்திருக்கிறார். இங்கே எல்லோரும் எழுதியதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், உட்கார்ந்து முழுதாகப் படித்தார். பள்ளியோடு சேர்ந்த நடுநிலை வகுப்புகளில் ஆறு, ஏழு, எட்டு மூன்றிலும் பையன்களும் படிக்கிறார்கள். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அந்த அறையைத் தருகிறேன், பெற்றோர் சம்மதம் நீங்களே வாங்குங்கள் என்றார். பையன், பெண் எல்லோரும் சேர்ந்துதான் என்று நானே முதலில் சொல்லிவிட்டேன், கொடைகுறிஞ்சி அக்கா.

டீச்சரையும் போய்ப் பார்த்தேன். 84 வயது. காது கொஞ்சம் மந்தம். அலமாரிக் கதவு இன்னும் இருக்கிறது என்று சொன்னதும் அந்த அட்டவணையில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டதாகவும், அதைத் திருத்தாமல் ஓய்வு பெற்றுவிட்டதாகவும் சொன்னார். எந்த எண் என்று கேட்டேன். சாமையின் இரும்புச்சத்து. புதிய அட்டவணை பார்த்துத் திருத்திவிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டு என்றார்.

முதல் சனிக்கிழமைக்கு யார் வருகிறீர்கள்?


மஞ்சூர்தம்பி எழுதியது:

சனிக்கிழமை எனக்கு மதியம் 12 மணி ஷிஃப்ட். காலையில் வந்துவிடுகிறேன் அக்கா. இரண்டு குக்கர் கொண்டுவருகிறேன், கொண்டைக்கடலை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு எடுத்து வருகிறேன். பாதியை ஊறாததாகவும் கொண்டுவரவா? பிள்ளைகள் வித்தியாசம் பார்க்கட்டும்.


டேன்டீலயன் எழுதியது:

தழை என் பொறுப்பு. தோட்டத்தில் சொல்லி வைத்துவிட்டேன்.


கொடைகுறிஞ்சி எழுதியது:

இவ்வளவு தூரம் வர முடியாது. ஆனால் கணக்கு எனக்கு வரும். மீட்டருக்கு டிகிரி எவ்வளவு குறையும் என்று பிள்ளைகளே வரைபடம் போடுகிற மாதிரி ஒரு தாள் தயார் செய்து அனுப்புகிறேன். மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கொடைக்கானல் நான்கு ஊர் வைக்கிறேன். கொடைக்கானலில் நானே அளந்து எண்ணைத் தருகிறேன்.


அருவங்காடு73 எழுதியது:

தெர்மாமீட்டர் வாங்க வேண்டாம் அம்மா. அவர் சொந்தமாக வாங்கியது பீரோவில் அவருடைய தையல் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி இருக்கிறது. நேற்று எடுத்துத் தண்ணீர் கொதிக்கவைத்துப் பார்த்தேன். அருவங்காட்டில் 94 காட்டுகிறது. சனிக்கிழமை எட்டு மணி பஸ்ஸில் கொண்டுவருகிறேன், பஸ் நிறுத்தத்துக்கு யாராவது ஒரு பிள்ளையை அனுப்புங்கள்.